சத்தத்தை ஏற்றாமல் கேட்பது எப்படி: ஸ்லின்ட்டில் தொடங்கும் ஒரு போஸ்ட்-ராக் வழிகாட்டி

"பாட்டு எப்ப ஆரம்பிக்கும்னு காத்துட்டே இருந்தேண்ணா, அதுக்குள்ள முடிஞ்சிடுச்சு." என்னிடம் வேலை பார்க்கும் பையன் போஸ்ட்-ராக் பற்றிச் சொன்ன தீர்ப்பு இது. அவனைக் குறை சொல்ல மாட்டேன். வேனில் போகும்போது, பின்னால் ஜெனரேட்டரும் பேஸ் பாக்ஸும் குலுங்க, ஷஃபிளில் போட்டுக் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். இந்த இசைக்கென்று சில ஏற்பாடுகள் வேண்டும். அவற்றைச் செய்துவிட்டு நான்கைந்து ஆல்பங்களைச் சரியான வரிசையில் கேட்டால் போதும். இன்றைக்குப் படங்களின் பின்னணியிலும் விளம்பரங்களிலும் காதில் விழுகிற பல விஷயங்கள் எங்கிருந்து வந்தன என்று உங்களுக்கே பிடிபடும்.

நான் கோவையில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறேன். கல்யாணம், கோயில் திருவிழா, கல்லூரி ஆண்டு விழா எல்லாம் எடுப்போம். மிக்ஸருக்குப் பின்னால் இருப்பவனிடம் வந்து பேசுகிறவர்கள் கேட்பது ஒன்றைத்தான்: "இன்னும் கொஞ்சம் ஏத்துங்க." ஏற்றிக்கொண்டே போனால் எல்லா ஃபேடரும் மேலே போய் முட்டி நிற்கும். அப்புறம் நாதஸ்வரமும் ஒன்றுதான், மைக்கில் கூப்பிடும் மாமாவும் ஒன்றுதான். எது பெரிது, எது சிறிது என்ற வித்தியாசமே போய்விடும். போஸ்ட்-ராக் என்னைப் பிடித்துக்கொண்டது அந்த வித்தியாசத்துக்காக. ஆகவே இது ஒரு சவுண்ட்காரன் எழுதும் வழிகாட்டி. இசை இலக்கணம் கரைத்துக் குடித்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

பெயரைப் பற்றிச் சுருக்கமாக: போஸ்ட்-ராக் என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் சைமன் ரெனால்ட்ஸ் என்ற ஆங்கில விமர்சகர். 1994இல் பார்க் சைக்கோசிஸ் குழுவின் 'ஹெக்ஸ்' ஆல்பத்துக்கு 'மோஜோ' பத்திரிகையில் எழுதிய விமர்சனத்திலும், அதே ஆண்டு 'தி வயர்' இதழில் எழுதிய கட்டுரையிலும் அதைப் பயன்படுத்தினார். கிட்டார், பேஸ், டிரம்ஸ் என்று ராக் வாத்தியங்களையே வைத்துக்கொண்டு, ராக் செய்யாத காரியங்களைச் செய்வது என்பது அவர் விளக்கம். அதாவது கிட்டாரை ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் மெட்டுத் துண்டு) அடிக்க எடுக்காமல், ஒலியின் நிறத்துக்காக எடுப்பது. இந்த முத்திரை குத்தப்பட்ட குழுக்கள் பலவற்றுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. பெயர் வருவதற்கு முன்பே முக்கியமான பதிவுகள் வெளியாகிவிட்டன என்பது இன்னொரு வேடிக்கை.

முதலில் போனைச் சரிசெய்யுங்கள்

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான்.

யூடியூபில் கேட்பவர் என்றால், செட்டிங்ஸில் 'ஸ்டேபிள் வால்யூம்' என்று ஒன்று இருக்கும். அதை அணைத்துவிடுங்கள். மெதுவான இடத்தைத் தூக்கிவிட்டு, பெரிய சத்தத்தை அமுக்குவதுதான் அதன் வேலை. செய்தி கேட்க நல்லது. இந்த இசைக்கு விஷம். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டின் முடிவை அடுத்த பாட்டின் தொடக்கத்தோடு கலக்கும் 'கிராஸ்ஃபேட்' பூஜ்ஜியத்தில் இருக்க வேண்டும். அங்கேயே 'நார்மலைசேஷன்' என்று ஒன்று உண்டு. சிலர் அதைப் பார்த்துப் பதறுவார்கள். அது பாட்டு முழுவதற்கும் ஒரே அளவாக ஏற்றி இறக்குமே தவிர, பாட்டுக்குள் இருக்கும் ஏற்ற இறக்கத்தில் பொதுவாகக் கை வைக்காது. 'லவுட்' என்ற நிலையில் வைத்தால்தான், உச்சச் சத்தத்தை அமுக்கும் லிமிட்டர் வேலை செய்யும். ஆகவே அதை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் 'நார்மல்' நிலையில் விட்டுவிடுங்கள். போனில் டால்பி, பேஸ் பூஸ்ட் என்று எது இருந்தாலும் அதற்கும் விடுமுறை கொடுத்துவிடுங்கள்.

இயர்போன் விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. ஒயர் வைத்த சாதாரண இயர்போன், காதில் நன்றாகப் பொருந்தினால் போதும். அறைதான் முக்கியம். சீலிங் ஃபேன் ஐந்தில் ஓடினால், இந்த ஆல்பங்களின் பாதியை ஃபேன் தின்றுவிடும். ஒன்றில் வையுங்கள். பக்கத்து வீட்டு மிக்ஸி ஓய்ந்து, தெரு அடங்கிய நேரமாகப் பாருங்கள்.

வால்யூம் வைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. எல்லாரும் தொடக்கத்தில் வரும் மெல்லிய கிட்டாரைக் கேட்டு அதற்கேற்ப வால்யூமை வைப்பார்கள். அப்புறம் இடி விழும்போது இயர்போனைப் பிடுங்கி எறிவார்கள். மாற்றிச் செய்யுங்கள். அடுத்துச் சொல்லப்போகிற ஆல்பத்தில் 'வாஷர்' என்ற பாட்டின் கடைசிப் பகுதியை முதலில் போட்டு, அங்கே வரும் பெரிய சத்தம் காதுக்கு வலிக்காத அளவில் வையுங்கள். பிறகு ஆல்பத்தின் தொடக்கத்துக்குப் போய், முடியும்வரை வால்யூம் பட்டனைத் தொடாதீர்கள். மெதுவான இடங்கள் சரியாகக் கேட்கவில்லையே என்று தோன்றும். கேட்காமல் இருப்பதும் அந்த இசையில் ஒரு பகுதிதான். நீங்கள்தான் கொஞ்சம் முன்னால் குனிந்து கேட்க வேண்டும்.

ஸ்பைடர்லேண்ட்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் லூயிவில் என்ற ஊர். அங்கே இருபது வயதையொட்டிய நான்கு பையன்கள்: பிரையன் மெக்மஹன், டேவிட் பாஹோ, டாட் பிரஷியர், டிரம்ஸில் பிரிட் வால்ஃபர்ட். குழுவின் பெயர் ஸ்லின்ட். வால்ஃபர்டின் பெற்றோர் வீட்டு நிலவறையில் பயிற்சி செய்தார்கள். 1990 ஆகஸ்டில் சிகாகோவுக்குப் போய், பிரையன் பால்சன் என்பவருடன் நான்கே நாட்களில் இந்த ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். 1991 மார்ச்சில் டச் அண்ட் கோ என்ற சிறிய நிறுவனம் வெளியிட்டது. வெளிவருவதற்கு முன்பே குழு கலைந்துவிட்டது. மேடை ஏறி அதை ஊர் ஊராக வாசித்துக் காட்ட ஆளில்லை. ஆறு பாட்டு, நாற்பது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு.

அந்த நேரத்தில் இதைக் கவனித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களில் ஒருவர் ஸ்டீவ் அல்பினி. ஸ்லின்ட்டின் முதல் ஆல்பமான 'ட்வீஸ்'ஐப் பதிவு செய்தவர். 'மெலடி மேக்கர்' பத்திரிகையில் 'ஸ்பைடர்லேண்ட்'டுக்குப் பத்து நட்சத்திரம் கொடுத்து எழுதினார். இது கைக்குக் கை, கேசட்டுக்குக் கேசட் பரவிய ஆல்பம்.

கேட்கும்போது எதைக் கவனிப்பது?

முதல் பாட்டு 'பிரெட்கிரம்ப் ட்ரெயில்'. ஒருவன் திருவிழாப் பொட்டலுக்குப் போகிறான், குறி சொல்லும் பெண்ணின் கூடாரத்துக்குள் நுழைகிறான், பிறகு இருவரும் ரோலர் கோஸ்டரில் ஏறுகிறார்கள். இவ்வளவுதான் கதை. இதைப் பாடவில்லை, பேசுகிறார்கள். அந்தப் பேச்சு மிக்ஸில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கிட்டாருக்குப் பின்னால், பக்கத்து மேசையில் யாரோ யாரிடமோ சொல்லிக்கொண்டிருப்பதைப் போல. நம் ஊரில் குரலை இப்படி வைத்தால் விழாக் கமிட்டி என்னை அன்றைக்கே கணக்குத் தீர்த்து அனுப்பிவிடும். ஆனால் குரலைப் பின்னால் தள்ளியதால் நடப்பது இது: வார்த்தையைப் பிடிக்க நீங்கள் காதைக் கூர்மையாக்குகிறீர்கள். கூர்மையாக்கிய காதில் அடுத்து வரும் கிட்டார் இரைச்சல் இரண்டு மடங்காக விழுகிறது. டெசிபல் கூட்டாமலேயே சத்தத்தைப் பெரிதாக்கும் வித்தை அது.

இரண்டாவது பாட்டு 'நாஸ்ஃபராட்டு மேன்'. 1922இல் வந்த ஜெர்மன் மௌனப்படம் ஒன்றிலிருந்து பிறந்தது. இதில் கால் தட்டிக்கொண்டு கேட்க முயன்றால் இடறும். நாலு நாலாக எண்ணாதீர்கள். கதை சொல்லும் பகுதியை 'தக தகிட, தக தகிட' என்று ஐந்தாக எண்ணுங்கள். மிருதங்கம் தெரிந்தவர்களுக்கும், வீட்டில் பாட்டு கிளாஸ் போன பிள்ளை இருப்பவர்களுக்கும் உடனே உட்கார்ந்துவிடும். டிரம்ஸும் அங்கே சிம்பலைத் தவிர்த்துவிட்டு ஸ்நேர், டாம் இரண்டிலேயே ஓடும். பிறகு இரைச்சல் பகுதி வந்ததும் சிம்பல்கள் திறந்துகொள்ளும், கணக்கும் நழுவும். மேற்கத்திய விமர்சகர்கள் இந்த ஆல்பத்தைத் தாளக் கணக்கை முறுக்கும் 'மேத் ராக்' என்ற வகைக்கும் மூதாதையாகச் சொல்வது இப்படிப்பட்ட கணக்குகளால்தான். ஐந்தாக எண்ணும் கண்ட நடையில் வளர்ந்த காதுக்கு இதில் பயப்பட ஒன்றுமில்லை.

மூன்றாவது 'டான், அமான்'. டிரம்ஸே கிடையாது. இரண்டு கிட்டார், ஒரு கிசுகிசுப்பு. ஒரு விருந்தில் யாரோடும் ஒட்ட முடியாமல் வெளியே வந்து நிற்கும் ஒருவனைப் பற்றியது. தாளத்தைப் பிடித்து வைக்க ஆள் இல்லாமல், இரண்டு கிட்டாரும் ஒன்றையொன்று பார்த்துப் பார்த்து நகர்வதைக் கேளுங்கள். நடுவில் கொஞ்ச நேரம் டிஸ்டார்ஷன் (கிட்டார் ஒலியைக் கரகரவென்று உடைப்பது) வரும், போகும். தனிமையை இவ்வளவு குறைவான பொருளில் கட்டிய பதிவு வேறு எனக்குத் தெரியாது.

'வாஷர்' ஆல்பத்திலேயே நீளமானது, ஒன்பது நிமிடத்தை நெருங்கும். இதில் பாடுகிறார்கள், நடுங்குகிற குரலில். 'ஃபார் டின்னர்' வாத்தியம் மட்டும். அதை ஓய்வு என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் டிரம்ஸின் கிக் எவ்வளவு தணிவாக அடிக்கப்படுகிறது என்று கேளுங்கள். மெதுவாக அடிப்பது பலமாக அடிப்பதைவிடக் கஷ்டம். எந்தத் தவில்காரரையும் கேட்டுப் பாருங்கள்.

கடைசி, 'குட் மார்னிங், கேப்டன்'. கப்பல் உடைந்து தப்பிய மாலுமி ஒருவன் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறான். உள்ளே ஒரு சிறுவன். பேஸ் ஒரே சுற்றில் சுற்றிக்கொண்டிருக்கும், டிரம்ஸ் திக்கித் திக்கிப் போகும். ஏழு நிமிடமும் பேச்சாகவே வந்து, முடிவில் மட்டும் மெக்மஹன் கத்துகிறார். 'உன்னை நினைத்து ஏங்குகிறேன்' என்பதுதான் அந்தக் கத்தலின் பொருள். கிட்டார்களுக்கு மேலே குரல் எழுப்பிக் கத்தியதில் அவருக்கு உடம்பு முடியாமல் போனதாகச் சொல்வார்கள். கேட்டால் நம்பலாம். ஆனால் கத்தலை மட்டும் தனியாக வெட்டி எடுத்துப் போட்டுக் கேட்டுப் பாருங்கள், ஒன்றுமே இருக்காது. முன்னால் முப்பத்தைந்து நிமிடம் அடக்கி வைத்ததுதான் அங்கே கத்துகிறது. 1995இல் 'கிட்ஸ்' படத்தின் இசைத்தொகுப்பில் இந்தப் பாட்டு இடம்பெற்ற பிறகுதான் பலரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒரே மூச்சில் ஆல்பம் முழுவதையும் கேட்டு முடித்த பிறகு, உடனே இரண்டாவது முறை வேண்டாம். வேறு வேலை பாருங்கள்.

அப்புறம் லண்டன் பக்கம்

ஸ்லின்ட் காசில்லாத பையன்கள் நான்கு நாளில் முடித்தது. அதே விஷயத்துக்கு எதிர்த்திசையிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் டாக் டாக். 1984இல் 'இட்ஸ் மை லைஃப்' மூலம் புகழ்பெற்ற பாப் குழு. அந்தப் புகழையும் கம்பெனிப் பணத்தையும் கையில் வைத்துக்கொண்டு, பாடகர் மார்க் ஹாலிஸும் தயாரிப்பாளர் டிம் ஃப்ரீஸ்-கிரீனும் வெசெக்ஸ் ஸ்டுடியோவில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். இருட்டு, சுவரில் நிறங்களை ஓடவிடும் எண்ணெய் புரொஜெக்டர், மாதக்கணக்கில் வேலை. வந்து போன வாத்தியக்காரர்கள் மனம்போனபடி வாசித்ததிலிருந்து துண்டு துண்டாகப் பொறுக்கி ஒட்டினார்கள். 1988இல் 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்', 1991இல் 'லாஃபிங் ஸ்டாக்'.

முதலில் 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்' கேளுங்கள். முதல் மூன்று பாட்டுகளும் ஒரே ஓட்டம். இதற்காகத்தான் கிராஸ்ஃபேடை அணைக்கச் சொன்னேன். மூன்றாவதான 'டிசையர்' ஆர்கனில் முனகிக்கொண்டிருந்துவிட்டு வெடிக்கும் இடத்தில், வெடிப்புக்கு முந்தைய இரண்டு வினாடியில் மனத்தை வையுங்கள். 'லாஃபிங் ஸ்டாக்' தொடங்கும்போது பாட்டே வராது, ஆம்ப்ளிஃபயரின் இரைச்சல் மட்டும் ஓடும். என் தொழிலில் அந்த 'ஹிஸ்' வந்தால் ஓடிப்போய் ஒயரைச் சோதிப்போம். இவர்கள் அதை வேண்டுமென்றே முன்வாசலில் வைத்திருக்கிறார்கள்: அறை இருக்கிறது, ஆள் இருக்கிறான், இன்னும் கை வைக்கவில்லை. இதே ஆல்பத்தில் 'ஆஃப்டர் தி ஃப்ளட்' பாட்டின் நடுவில் ஒரே சுரம் ஒரு நிமிடத்துக்கும் மேலாகக் கிழிபட்டுக்கொண்டே இருக்கும். சோலோ என்று சொன்னால் விரல் வித்தை என்று நினைப்பவர்களுக்கு அதைப் போட்டுக் காட்டுங்கள்.

ஹாலிஸ் 1998இல் தன் பெயரிலேயே ஓர் ஆல்பம் வெளியிட்டார். அதன் பிறகு ஏறக்குறைய இசையை விட்டே விலகிக்கொண்டார். 2019இல் காலமானார்.

பெயர்களைப் பிடித்துக்கொண்டு போங்கள்

ஒரு குழு இன்னொரு குழுவைப் 'பாதித்தது' என்று எழுதுவது சுலபம். உண்மையில் அது எப்படி நடந்தது என்று அறிய ஆல்பத்தின் உறையைப் படிக்க வேண்டும். யார் வாசித்தார்கள், யார் பதிவு செய்தார்கள், எந்த நிறுவனம். கோயில் கல்வெட்டு படிப்பவர்களுக்கு இருக்கும் பொறுமை கொஞ்சம் தேவை. ஸ்லின்ட்டையே எடுத்துக்கொள்வோம்.

டிரம்மர் வால்ஃபர்ட், 1990இல் தி பிரீடர்ஸ் குழுவின் முதல் ஆல்பமான 'பாட்'டில் வாசித்திருக்கிறார், ஷானன் டாட்டன் என்ற புனைபெயரில். பதிவு செய்தவர் அதே அல்பினி. அந்தக் குழுவைத் தொடங்கிய கிம் டீல், பிக்ஸீஸ் குழுவின் அப்போதைய பேஸ் வாத்தியக்காரர். ஒரே ஒரு டிரம்மரைப் பிடித்துக்கொண்டு கென்டக்கி நிலவறையிலிருந்து பிக்ஸீஸ் வரை வந்துவிட்டோம்.

'ஸ்பைடர்லேண்ட்' அட்டையில், கல்குவாரிக் குட்டையில் தலை மட்டும் மேலே தெரிய நான்கு பேரும் நிற்கும் கறுப்பு-வெள்ளைப் படத்தை எடுத்தவர் வில் ஓல்டம். 1993இல் பேலஸ் பிரதர்ஸ் என்ற பெயரில் அவர் முதல் ஆல்பம் வெளியிட்டபோது, வாசித்தவர்களில் ஸ்லின்ட் ஆட்கள் இருந்தார்கள். நாட்டுப்புற வாசனை அடிக்கும் பாடல்கள், போஸ்ட்-ராக் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த ஒதுங்கி நிற்கும் குரலைக் கேளுங்கள், உறவு தெரியும். பதிவு செய்த பால்சன் பிறகு அங்கிள் டுபெலோவின் 'அனோடைன்', வில்கோவின் முதல் ஆல்பம் ஆகியவற்றில் வேலை பார்த்தார். கிட்டார் வாசித்த பாஹோ சிகாகோவுக்குப் போய் டார்ட்டஸ் குழுவில் சேர்ந்தார்.

நிறுவனத்தையும் கவனிக்க வேண்டும். டச் அண்ட் கோ நடத்திய கோரி ரஸ்க் குழுக்களோடு பெரும்பாலும் எழுத்து ஒப்பந்தம் போடவில்லை. செலவு போக வரும் லாபத்தில் பாதிக்குப் பாதி என்று கைகுலுக்கியதோடு சரி. இப்படிப்பட்ட நிறுவனம் என்பதால்தான் கலைந்துபோன ஒரு குழுவின், விளம்பரம் செய்ய வழியில்லாத ஓர் ஆல்பம் கடைகளில் தொடர்ந்து கிடைத்தது. பெரிய கம்பெனி என்றால் ஒரு வருடத்தில் கிடங்குக்குப் போயிருக்கும். 'இண்டி' என்று இன்றைக்கு ஓர் இசை வகையின் பெயர் போலச் சொல்கிறோம். அது முதலில் யார் காசு போட்டு, யார் வண்டியில் ஏற்றி, யார் விற்றது என்பதைப் பற்றிய விஷயம்.

அடுத்த தலைமுறை, வேகமாக

டார்ட்டஸின் 1996 ஆல்பமான 'மில்லியன்ஸ் நவ் லிவிங் வில் நெவர் டை'. பாஹோ இருக்கிறார். முதல் பாட்டு 'ஜெட்' இருபது நிமிடத்தைத் தாண்டும். பேஸ் சுற்றும், உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் வைப்ரஃபோன் சுற்றும். பாதிக்கு மேல் போனபின் ஓரிடத்தில் டேப் அறுந்ததுபோல் எல்லாம் சிதறும். உங்கள் இன்டர்நெட் கோளாறு என்று நினைத்து ரீலோட் செய்யாதீர்கள். அது பாட்டுதான். எனக்கு இவர்கள் கொஞ்சம் அதிகமாகவே சுத்தமாக இருப்பதாகப் படும். ஜாஸ் பிடித்தவர்களுக்கு இங்கேதான் கதவு திறக்கும்.

மொக்வாய், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ. 1997இல் 'யங் டீம்'. அதில் 'லைக் ஹெராட்' என்ற பாட்டை 'ஸ்பைடர்லேண்ட்' கேட்ட மறுநாள் கேளுங்கள். பேஸ் தணிவாக நடக்கும், நடக்கும், திடீரென்று சுவர் இடிந்து விழும். இந்தப் பாட்டுக்கு அவர்கள் முதலில் வைத்திருந்த பெயரே 'ஸ்லின்ட்'. கடனை இதைவிட நேராக ஒப்புக்கொள்ள முடியாது. இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் வால்யூமை ஒரு புள்ளி குறைத்துவிட்டுத் தொடங்குங்கள், சொன்னேன் என்று வையுங்கள். இதே குழுவின் 'ஆஸ் தி லவ் கன்டினியூஸ்' 2021இல் பிரிட்டன் ஆல்பம் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. பெரும்பாலும் பாடாத ஒரு குழு, கால் நூற்றாண்டு கழித்து.

கனடாவின் மான்ட்ரியலில் காட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர். 1997இல் கான்ஸ்டலேஷன் நிறுவனம் இவர்களின் முதல் இசைத்தட்டான 'F♯ A♯ ∞'ஐ 500 பிரதி அச்சிட்டது. உறைக்குள் ரயில் தண்டவாளத்தில் வைத்து நசுக்கிய செப்புக்காசை எல்லாம் கையால் போட்டு ஒட்டினார்கள். தட்டின் கடைசிப் பள்ளம் மூடிய வட்டம். நீங்களாக எழுந்து ஊசியைத் தூக்கும்வரை ஓடிக்கொண்டே இருக்கும், அதனால்தான் தலைப்பில் முடிவிலிக் குறி. 2013இல் கனடாவின் போலாரிஸ் இசைப்பரிசு கிடைத்தபோது, கஷ்ட காலத்தில் இப்படி ஆடம்பர விழா எதற்கு என்று கேட்டுவிட்டு, அந்தப் பணத்தைக் கியூபெக் சிறைகளில் இருப்பவர்களுக்கு வாத்தியங்கள் வாங்க ஒதுக்கினார்கள். கேட்க வேண்டியது 2000ஆம் ஆண்டின் 'லிஃப்ட் யுவர் ஸ்கின்னி ஃபிஸ்ட்ஸ் லைக் ஆன்டெனாஸ் டு ஹெவன்'. நான்கு பகுதி, ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். ஒரு படம் பார்க்கும் நேரம் ஒதுக்குங்கள், நடுவில் இடைவேளை விட்டுக்கொள்ளலாம்.

கண்ணை மூடிக்கொண்டு படம் பாருங்கள்

தாக்கம் இன்று எங்கே குடியிருக்கிறது என்று கேட்டால், பெரும்பகுதி படங்களில்தான். 2002இல் டேனி பாய்லின் '28 டேஸ் லேட்டர்' படத்தில், ஆளே இல்லாத லண்டனில் நாயகன் நடந்து போகும் காட்சிக்குக் காட்ஸ்பீட்தான் பின்னணி. 2004இல் 'ஃப்ரைடே நைட் லைட்ஸ்' என்ற அமெரிக்கக் கால்பந்துப் படத்துக்கு டெக்சஸைச் சேர்ந்த எக்ஸ்ப்ளோஷன்ஸ் இன் தி ஸ்கை இசையமைத்தார்கள். கதை நடக்கும் ஒடெஸாவுக்குப் பக்கத்து ஊரான மிட்லேண்டைச் சேர்ந்தவர்கள் அந்தக் குழுவில் மூன்று பேர். ஐஸ்லாந்தின் சிகுர் ரோஸ் பாட்டான 'ஹோப்பிபோலா' 2006இல் பிபிசியின் 'பிளானட் எர்த்' முன்னோட்டத்தில் வந்து வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது.

பயிற்சி இது: ஏதாவது ஒரு விளையாட்டுப் படத்திலோ ஆவணப்படத்திலோ மனம் நெகிழும் காட்சியை எடுத்துக்கொண்டு கண்ணை மூடிக் கேளுங்கள். எதிரொலியில் நனைந்த ஒற்றைக் கிட்டார், இரண்டாவது கிட்டார் மேலே ஏறுவது, டாம் டிரம் உருளத் தொடங்குவது, உச்சியில் எல்லாம் சேர்ந்து கொட்டுவது. இந்த வரிசை வந்தால் அதன் தாத்தா யாரென்று உங்களுக்குத் தெரியும். இன்ஷூரன்ஸ் விளம்பரத்தில்கூட வருகிறது.

எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. பின்னால் வந்தவர்களில் பெரும்பாலோர் உச்சியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மூன்றாவது நிமிடத்தில் ஏறத் தொடங்கி ஆறாவது நிமிடத்தில் கொட்டும் என்று கடிகாரம் பார்த்துச் சொல்லிவிடலாம். ஸ்லின்ட்டில் சத்தம் எப்போது வரும் என்று உங்களால் சொல்ல முடியாது, வராமலே போனாலும் போகும். ஆகவே புதிய குழு எதையாவது யாராவது உங்களுக்குப் பரிந்துரைத்தால், உச்சியைக் கேட்டு மதிப்பெண் போடாதீர்கள். முதல் இரண்டு நிமிடத்தைக் கேளுங்கள். சத்தம் வருவதற்கு முன் அவர்களிடம் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தச் சோதனையில் தேறியவர்கள் இருக்கிறார்கள். லண்டனின் பிளாக் கன்ட்ரி, நியூ ரோட் 2021இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தில், தங்களையே கேலி செய்வதுபோல 'உலகின் இரண்டாவது சிறந்த ஸ்லின்ட் நகல் குழு' என்று ஒரு வரி பாடுகிறார்கள். ஜப்பானின் மோனோ இருக்கிறது. நம் நாட்டிலேயே ஆஸ்வீகீப்சர்ச்சிங் என்ற குழு இந்தியில் பாடிக்கொண்டு இதே பாதையில் நடக்கிறது.

கிட்டார் வைத்திருப்பவர்களுக்கு

கேட்டதோடு நிற்காமல் வாசித்துப் பார்க்க நினைத்தால், இரண்டு பேர் போதும். டிஸ்டார்ஷன் பெடலை உறைக்குள்ளேயே வையுங்கள். ஒருவர் நான்கு சுரம் மட்டும் எடுத்து, ஸ்ட்ரம் செய்யாமல், ஒவ்வொரு கம்பியாகத் தட்டி 'தக தகிட' கணக்கில் சுற்ற வேண்டும். மற்றவர் முதல் இரண்டு நிமிடம் எதுவும் வாசிக்கக்கூடாது. பிறகு பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு மேலே விரலை லேசாக வைத்து ஹார்மானிக்ஸ் மட்டும், சுற்றுக்கு ஒன்று. அவ்வளவுதான். நான்கு நிமிடம் ஆகும்வரை இருவரும் சத்தத்தைக் கூட்டக்கூடாது. போனில் பதிவு செய்து கேட்டால் எந்த இடத்தில் யாருக்குப் பொறுமை போனது என்று துல்லியமாகத் தெரியும். பெரும்பாலும் ஒன்றரை நிமிடத்தில் இரண்டாவது ஆள் உள்ளே நுழைந்திருப்பார்.

டிலே பெடல் இருக்கிறது, போடலாமா என்று கேட்பார்கள். போடலாம், ஒரு மாதம் கழித்து. அதுவரை எதிரொலி இல்லாமலேயே ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவிலுள்ள இடத்தைத் தாங்கிப் பழகட்டும்.

இவ்வளவையும் செய்துவிட்டு ஸ்லின்ட் உங்களுக்கு ஒட்டவில்லை என்றால் வற்புறுத்த மாட்டேன். குரலின் அந்தத் தட்டையான பேச்சு சிலருக்கு ஒத்துவராது. அவர்கள் 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்'ஐ முதலில் வைத்துக்கொண்டு, சிகுர் ரோஸின் 1999 ஆல்பமான 'ஆகாய்டிஸ் பிர்யுன்' வழியாக வரலாம். கிட்டாரை செல்லோ வாத்தியத்தின் வில்லால் இழுக்கும் குழு அது, காதுக்கு இதமானது. அங்கிருந்து மொக்வாய், கடைசியாக 'ஸ்பைடர்லேண்ட்'. எந்தப் பக்கமாக வந்தாலும் சரி, ஃபேன் ஒன்றில்தான் இருக்க வேண்டும்.